விரலுக்கு இசையும் பக்கம்: தொடுபலகை உருட்டலும் கணினியில் தமிழ் நூல் வாசிப்பும்

1. முன்னுரை

நூல் வாசிப்பில் கண்ணுக்குரிய பங்கைப் போலவே கைக்கும் ஒரு பங்கு உண்டு. ஓலைச்சுவடியை வாசித்தவர் கயிற்றில் கோத்த ஏடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வாசித்தார். அச்சுநூலை வாசிப்பவர் தாளின் ஓரத்தைப் பற்றிப் புரட்டுகிறார். இரண்டிலும் கை அசைந்த அளவே ஏடும் அசைகிறது. கை நின்றால் ஏடும் நிற்கிறது. இவ்வுறவு பொருள்களின் இயல்பால் தானே அமைந்தது. எவரும் அதனைத் திட்டமிட்டு வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை.

கணினித் திரையில் நிலைமை வேறு. மடிக்கணினியில் டச்பேட் என வழங்கும் தொடுபலகைமீது இரு விரல்களை வைத்து மேலும் கீழும் நகர்த்தும்போது திரையிலுள்ள பக்கம் உருள்கிறது. விரலுக்கும் பக்கத்துக்கும் இடையே பொருள்வழித் தொடர்பு எதுவும் இல்லை. பக்கம் விரலால் நகர்த்தப்படுகிறது என்பது முழுவதும் மென்பொருள் உண்டாக்கும் தோற்றம். அத்தோற்றம் செம்மையாக அமைந்தால் வாசகர் அதனைக் கவனிப்பதே இல்லை. அது பிழைபட்டால் வாசித்த வரி கண்ணிலிருந்து நழுவுகிறது. மீண்டும் மேலே சென்று தேட வேண்டியிருக்கிறது. மூலமும் உரையும் அடிக்குறிப்பும் கலந்த நீண்ட நூலொன்றை நாள்தோறும் திரையில் வாசிக்கும் ஆய்வாளருக்கும், முதுமையில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் வாசகருக்கும் இது சிறு குறை அன்று.

தமிழ் மின்னூல்களை உருவாக்குவோரிடையே இத்துடன் தொடர்புடைய கருத்து ஒன்று நிலவுகிறது. தமிழ் எழுத்து சிக்கலானது. அதனை எழுத்துரையாகத் தந்தால் கணினி திணறும். ஆகவே பக்கங்களைப் படங்களாகத் தருவதே நன்று என்பது அக்கருத்து. இதனை ஏற்றுக்கொண்டால் தேடவும், மேற்கோள் எடுக்கவும், எழுத்தைப் பெரிதாக்கவும், குரலாக மாற்றவும் இயலாத நூல்களே பெருகும். உருட்டல் இசைவு எதனால் அமைகிறது, எதனால் கெடுகிறது என்பதை விளக்கி, அக்கேட்டுக்குத் தமிழ் எழுத்து காரணமாகாது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. எசன் நகரும் ஆய்வுக் களமும்

யேர்மனியின் ரூர் பகுதியிலுள்ள எசன் நகர் நிலக்கரியாலும் உருக்காலும் வளர்ந்தது. அங்குள்ள சொல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பழைய கொதிகலன் கூடத்தில் 1997 முதல் ரெட் டொட் வடிவமைப்பு அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. அப்பெயரில் வழங்கப்படும் பரிசுகள் இன்று கருவிகளின் உருவத்தோடு மென்பொருள் இடைமுகங்களையும் மதிப்பிடுகின்றன. எனினும் ஒரு கருவியின் உருவத்தைத் தொலைவில் நின்றே காணலாம். உருட்டலின் இசைவை அவ்வாறு காண இயலாது. விரலை வைத்தவருக்கே அது புலனாகும். வடிவமைப்பு பற்றிய பேச்சில் இப்பொருள் பின்தள்ளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எசன் நகரின் ஹோர்ஸ்ட் பகுதியில் லினக்ஸ்ஹோட்டல் என்னும் பயிற்சி மையம் உள்ளது. கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பல தம் பணிக்கூட்டங்களை அங்கு நடத்தியுள்ளன. டெபியன் இயங்குதளத்தின் பாதுகாப்புக் குழு 2014-இல் அங்குக் கூடியது. கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் யேர்மனிக்குத் தனியிடம் உண்டு. கே.டி.இ. மேசைத்தளத் திட்டத்தை 1996-இல் தொடங்கிய மத்தியாஸ் எட்ரிச் அப்போது டுபிங்கன் பல்கலைக்கழக மாணவர். லிப்ரெஓபிஸ் தொகுப்பைப் பேணும் அறக்கட்டளையும் பெர்லினில் பதிவுபெற்றதாகும். இக்கட்டுரை கட்டற்ற மென்பொருளை முதன்மைச் சான்றாகக் கொள்வதற்குக் காரணம், விரலின் அசைவு திரையை அடையும்வரை கடக்கும் படிகளை அங்கு மூலநிரலிலேயே படித்தறியலாம் என்பதாகும்.

1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறிய பகுதியும் இதுவே. எசனிலிருந்து தொடருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கொலோன் பல்கலைக்கழகத்தில் 2009-ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு நடந்தது. தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் தேடத்தக்கதாக்கிய முன்னோடிப் பணியும் அப்பல்கலைக்கழகத்துக்கு உரியது. நூலகங்களில் தமிழ்நூல் அரிதாகக் கிடைக்கும் இத்தகைய நாடுகளில், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தரும் மின்னூல்களே பலருக்கு முதன்மை வாசிப்புக்களம். திரையில் பக்கம் எவ்வாறு உருள்கிறது என்பது அவர்களுக்கு நூல் எவ்வாறு கைக்கு வருகிறது என்பதற்கு ஒப்பாகும்.

3. சக்கரத்திலிருந்து விரலுக்கு

இன்றைய குறைகள் பலவற்றின் வேர் சுட்டெலியின் சக்கரத்தில் உள்ளது. மைக்ரோசாப்ட் 1996-இல் வெளியிட்ட இன்ரெலிமவுஸ் வாயிலாக உருட்டு சக்கரம் பரவலாயிற்று. அச்சக்கரம் பற்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு பல் திரும்பினால் ஒரு செய்தி செல்லும். விண்டோஸ் இயங்குதளம் ஒரு பல்லை 120 அலகு எனக் கொண்டு, இயல்பாக மூன்று வரிகள் நகர்த்தும் வழக்கத்தை ஏற்படுத்தியது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்பு சக்கர அசைவை நான்காம், ஐந்தாம் பொத்தான்களின் அழுத்தமாகவே கருதியது. பொத்தான் அழுத்தப்பட்டது, அல்லது அழுத்தப்படவில்லை. இடைநிலை எதுவும் இல்லை.

தொடுபலகையின் இயல்பு இதற்கு மாறானது. விரல் நெருங்கும்போது பலகையின் மின்கொள்ளளவில் ஏற்படும் மாற்றத்தை அது அளக்கிறது. விரலின் இடத்தை மில்லிமீற்றரின் சிறு பகுதிவரை நுட்பமாக அறிகிறது. 1994-இல் அப்பிளின் பவர்புக் 500 வரிசையால் மடிக்கணினியில் பரவலான இக்கருவிக்கு, 2005-இல் அந்நிறுவனத்தின் பவர்புக் கணினிகளில் இருவிரல் உருட்டல் சேர்ந்தது. ஆனால் மென்பொருள்களோ சக்கரத்தின் மொழியையே அறிந்திருந்தன. எனவே விரலின் தொடர்ச்சியான அசைவு முதலில் பற்களாக வெட்டப்பட்டது. பின்னர் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று வரி என்ற கணக்கில் பக்கம் தாவியது. வரியின் உயரம் 24 படப்புள்ளி எனின் ஒரு தாவல் 72 படப்புள்ளி. விரல் சிறிது நகரும்வரை எதுவும் நிகழாது. பின் திடீரெனப் பக்கம் குதிக்கும். அளவையால் படிபடியாக ஊற்ற வேண்டிய இடத்தில் நீரோடையை விட்டதும், ஓடை விட வேண்டிய இடத்தில் படிக்கணக்குப் பார்த்ததும் போன்ற பொருத்தமின்மை இது.

எக்ஸ் சாளர அமைப்பில் நுண்ணளவுகளை அப்படியே அனுப்பும் வசதி 2012-இல்தான் வந்தது. அதன் பின்னரும் மென்பொருள்கள் அதனைக் கேட்டுப் பெற்றாலன்றிப் பழைய பொத்தான் செய்தியே கிடைக்கும். கியூட்டி என்னும் நிரல்தொகுதி இன்றும் சக்கரக் கோணம், படப்புள்ளித் தொலைவு ஆகிய இரண்டையும் தனித்தனியே தருகிறது. இரண்டாவதைப் படிக்க மறந்த மென்பொருள் புதிய கணினியிலும் 1996-ஆம் ஆண்டின் கணினிபோல் நடந்துகொள்கிறது. வன்பொருளை மாற்றினால் இக்குறை தீராது என்பது இதனால் விளங்கும்.

4. இசைவின் மூன்று கூறுகள்

உருட்டல் இசைவாக உள்ளது என்னும் உணர்வை மூன்று கூறுகளாகப் பகுக்கலாம். விரல் நகரத் தொடங்கியவுடன் பக்கமும் நகர வேண்டும், இது உடனடித்தன்மை. விரல் நகர்ந்த அளவுக்குப் பக்கத்தின் நகர்வு மாறாத விகிதத்தில் அமைய வேண்டும், இது அளவொப்பு. விரல் நிறுத்தினால் பக்கம் நிற்க வேண்டும், இது அடங்குதல். பொதுவாக முதற்கூறே பேசப்படுகிறது. ஆயினும் வாசகரை மிகுதியும் அலைக்கழிப்பவை பின்னிரண்டின் குறைகளே.

ஒரு நிகழ்ச்சி மற்றொன்றை விளைவித்தது என மனம் கொள்வதற்குக் கால எல்லை உண்டு. பெல்சியத்தின் லூவேன் பல்கலைக்கழக உளவியலாளர் அல்பேர் மிசோத் 1946-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஓர் உருவம் மற்றொன்றைத் தொட்டவுடன் இரண்டாவது நகர்ந்தால், முதலாவது அதனைத் தள்ளியதாகவே காண்போர் உணர்வர். இடையில் நொடியின் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில் தாமதம் புகுந்தால் அவ்வுணர்வு கலைந்து, தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகளே தோன்றும். உருட்டலில் நிகழ்வதும் இதுவே. தாமதம் மிகும்போது பக்கத்தை நகர்த்துகிறோம் என்னும் உணர்வு போய், கட்டளையிட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் என்னும் உணர்வு வருகிறது.

தாமதம் ஓரிடத்தில் பிறப்பதன்று. தொடுபலகை அளந்து அறிவிக்கிறது. இயங்குதளக் கரு அதனைப் பெறுகிறது. லிப்இன்புட் போன்ற உள்ளீட்டு நிரல் அது சுட்டுதலா உருட்டலா எனப் பிரித்தறிகிறது. சாளர மேலாளர் உரிய மென்பொருளுக்கு அனுப்புகிறது. மென்பொருள் பக்கத்தை வரைகிறது. திரை அடுத்த புதுப்பித்தலில் அதனைக் காட்டுகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிநொடியும், 120 முறை புதுப்பிக்கும் திரையில் 8.3 மில்லிநொடியும் உண்டு. இப்படிகளில் எங்கேனும் ஒரு சட்டகம் தவறினால் அவ்வளவு நேரம் கூடுகிறது. விரல் நொடிக்கு 20 சென்றிமீற்றர் நகர்வதாகவும், பக்கமும் அதே அளவு நகர வேண்டியதாகவும் கொண்டால், மொத்தத் தாமதம் 50 மில்லிநொடி ஆகும்போது பக்கம் விரலுக்கு 1 சென்றிமீற்றர் பின்தங்கும். 100 மில்லிநொடி ஆகும்போது 2 சென்றிமீற்றர் பின்தங்கும். கைபேசித் திரையில் விரல் பக்கத்தின்மீதே இருப்பதால் இப்பின்தங்கல் உடனே கண்ணில் படும். தொடுபலகையில் விரல் வேறிடத்தில் இருப்பதால் கண் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஒழுங்கின்மையை மட்டும் பொறுப்பதில்லை.

ஒழுங்கின்மை நுட்பமான வழியிலும் புகும். தொடுபலகை நொடிக்கு 100 முறை அறிவிக்கிறது, திரை 60 முறை புதுப்பிக்கப்படுகிறது எனக் கொள்ளலாம். மூன்று சட்டகங்களுக்கு ஐந்து அறிவிப்புகள் வரும். அவை 2, 2, 1 எனப் பங்கிடப்படும். விரல் சீராக நகர்ந்தாலும் பக்கம் இரண்டு அடி, இரண்டு அடி, ஓரடி என நடுங்கி நகரும். இதற்குத் தீர்வு, ஒவ்வோர் அறிவிப்பிலும் உள்ள நேரக்குறியைக் கொண்டு, சட்டகம் வரையப்படும் கணத்தில் விரல் எங்கிருந்தது எனக் கணித்து வரைவதாகும். கணிப்புச் சிறிது, அது தரும் சீர்மை பெரிது.

ஒரு சட்டகத்துக்குள் வந்த அறிவிப்புகளை முதலில் கூட்டி, ஒரே முறை வரைவதும் இன்றியமையாதது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் பக்கத்தை முழுதாக வரையும் மென்பொருளில் அறிவிப்புகள் வரிசையில் தேங்கும். விரல் நின்ற பின்னரும் தேங்கியவை தீரும்வரை பக்கம் ஓடும். வாசகர் இதனைக் கணினியின் மெத்தனம் என நினைப்பார். உண்மையில் கணினி தேவைக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

நல்ல எண்ணத்தால் விளையும் குறை ஒன்றும் உண்டு. சக்கரத்தின் தாவலை மறைப்பதற்காக, ஒவ்வொரு தாவலையும் நொடியின் சிறு பகுதியில் மெல்ல நகர்த்திக் காட்டும் முறை சக்கரத்துக்கு ஏற்றது. அதையே தொடுபலகைக்கும் பயன்படுத்தினால், ஏற்கெனவே சீராக வரும் அசைவின்மேல் மற்றொரு தாமதம் ஏறும். பக்கம் இரப்பர் நாடாவால் கட்டி இழுக்கப்படுவது போல் தோன்றும். எனவே அசைவு சக்கரத்திலிருந்து வந்ததா விரலிலிருந்து வந்ததா என்பதை மென்பொருள் அறிந்திருத்தல் வேண்டும். வேலேண்ட் சாளர நெறிமுறை இம்மூலத்தைத் தனிச்செய்தியாகவே தெரிவிக்கிறது.

5. விரல் எடுத்த பின்னர்

விரலை எடுத்த பிறகும் பக்கம் சிறிது தூரம் ஓடி அடங்குவது சடத்துவ உருட்டல் எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிலைமம் எனக் குறிக்கும் பண்பே இங்குச் சடத்துவம். 2007-இல் வந்த ஐபோன் இதனை உலகெங்கும் பழக்கமாக்கியது. அதன் கணக்கு எளியது. அப்பிள் தன் நிரலாளருக்கு அறிவித்துள்ள இயல்பான தளர்வு எண் 0.998, ஒவ்வொரு மில்லிநொடியிலும் வேகம் முந்தைய வேகத்தின் 0.998 பங்காகக் குறையும். ஒரு நொடி கழிந்தால் தொடக்க வேகத்தில் ஏறத்தாழ 13.5 விழுக்காடு எஞ்சும். விரல் எடுக்கப்பட்டபோது வேகம் நொடிக்கு 2000 படப்புள்ளி எனின், பக்கம் மொத்தம் ஏறத்தாழ 1000 படப்புள்ளி ஓடி நிற்கும். விரல் எவ்வளவு விரைவாகத் தள்ளியதோ அதற்கு ஒப்பத் தூரம் கூடுவதால், சில நாள் பழக்கத்தில் கை அதனைக் கற்றுக்கொள்கிறது.

இக்கணக்கு சரியாக அமைய இரு செய்திகள் தேவை. விரல் எப்போது எடுக்கப்பட்டது என்பது முதலாவது. விரல் பலகையில் அசையாமல் நிற்பதும், எடுக்கப்பட்டதும் வெவ்வேறு. நின்று பின் எடுத்தால் வாசகர் அவ்விடத்திலேயே நிறுத்த விரும்புகிறார் என்று பொருள். அப்போது ஓட்டம் கூடாது. லிப்இன்புட் விரல் உருட்டல் முடிந்ததும் முடிவுச் செய்தி ஒன்றைத் தவறாது அனுப்புகிறது. ஓட்டத்தைத் தான் உண்டாக்காமல் மென்பொருளிடமே விட்டுவிடுகிறது. இதற்கு நியாயம் உண்டு. முன்னர் வழக்கிலிருந்த சைனாப்டிக்ஸ் இயக்கி ஓட்டத்தைத் தானே உருட்டல் செய்திகளாக அனுப்பியது. பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது பயனர் கண்ட்ரோல் விசையை அழுத்தினால், எஞ்சிய செய்திகள் எழுத்தைப் பெரிதாக்கும் கட்டளைகளாக மாறிவிடும்.

ஓடும் பக்கத்தின்மீது விரல் மீண்டும் வைக்கப்பட்டதா என்பது இரண்டாவது. சுழலும் பம்பரத்தில் கை வைத்தால் அது நிற்பதுபோல, விரல் பட்டவுடன் பக்கம் நிற்க வேண்டும். அசையாத விரலை அறிவிக்கும் வழி லிப்இன்புட்டில் நெடுங்காலம் இல்லை. 2021-இல் வந்த 1.19 பதிப்பில்தான் விரல் வைத்திருத்தல் ஒரு தனிச் சைகையாகச் சேர்க்கப்பட்டது. ஒரு சிறு செய்தி இல்லாமையால் பக்கம் அடங்காமல் ஓடியது. அச்செய்தி வந்ததும் குறை தீரும் வழி திறந்தது. வேகமான செயலி எதுவும் இதனைத் தீர்த்திருக்க இயலாது.

6. தமிழ் எழுத்தும் உருட்டலும்

இனித் தமிழ் எழுத்தின்மீது சாற்றப்படும் குறையை ஆராயலாம். ஒருங்குறியில் ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிமுறைகளால் ஆனது. வாசகர் காண்பது மூன்று எழுத்து, யூ.டி.எஃப்.-8 முறையில் கணினி சேமிப்பது 15 பைட். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னே சேமிக்கப்பட்டு முன்னே காட்டப்படுகின்றன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் எழுத்தின் இருபுறமும் பிரிகின்றன. உகர, ஊகாரக் குறிகள் மெய்யுடன் கூடி வெவ்வேறு உருப் பெறுகின்றன. குறிமுறைகளைத் திரையில் காணும் உருக்களாக மாற்றும் இப்பணியைப் பயர்பாக்ஸ், குரோம், லிப்ரெஓபிஸ் முதலியவற்றில் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுதி செய்கிறது. உரோமன் எழுத்துக்குத் தேவைப்படுவதை விடத் தமிழுக்கு இங்கு வேலை கூடுதல் என்பது உண்மையே.

ஆனால் இவ்வேலை உருட்டலின்போது செய்யப்பட வேண்டியதன்று. ஒரு பத்தி ஒருமுறை உருவமைக்கப்பட்டபின், எழுத்துருவோ அதன் அளவோ மாறும்வரை அவ்வுருக்கள் மாறுவதில்லை. பக்கத்தின் அகலம் மாறினால் வரிகளை மட்டும் மீண்டும் முறிக்க வேண்டும். உருட்டலில் மாறுவது பத்தி திரையில் நிற்கும் இடம் ஒன்றே. முன்னரே வரைந்து வைத்த பரப்பை மேலோ கீழோ நகர்த்துவது வரைகலைச் செயலிக்கு எளிய பணி. அப்பரப்பில் இருப்பது தமிழா ஆங்கிலமா என்பதை அது அறியாது. ஒவ்வொரு சட்டகத்திலும் எழுத்தை மீண்டும் உருவமைக்கும் மென்பொருளில்தான் தமிழ் பின்தங்கும். அது மென்பொருளின் அமைப்புக் குறை.

2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதனையொட்டி எழுந்த விவாதங்களில் செயல்திறனும் ஒரு பொருளாக இருந்தது. சேமிப்பிலும் தேடலிலும் அவ்வாதத்துக்கு உள்ள இடம் வேறு. உருட்டலைப் பொறுத்தவரை, எக்குறியீட்டில் தொடங்கினாலும் இறுதியில் எஞ்சுவது எழுத்துருக்களின் வரிசையே. அவ்வரிசை ஒருமுறை சேமிக்கப்பட்ட பின்னர் இரண்டும் ஒன்றே.

தமிழுக்குத் தனியாகக் கவனம் தேவைப்படும் இடம் மற்றொன்று உண்டு. நீண்ட நூலைத் திறக்கும் மென்பொருள் எல்லாப் பத்திகளையும் உடனே அமைப்பதில்லை. கண்ணுக்கு அருகிலுள்ளவற்றை அமைத்து, மற்றவற்றின் உயரத்தை மதிப்பிட்டுக்கொள்கிறது. அம்மதிப்பீடு குறிமுறைகளின் எண்ணிக்கையை உரோமன் எழுத்தின் அகலத்தால் பெருக்குவதாக இருந்தால், ஐந்து குறிமுறை மூன்று எழுத்தாகும் மொழியில் அது பிழையாகும். சந்தி சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களால் வரிகளின் முடிவில் விடப்படும் வெற்றிடமும் கணக்கைக் குலைக்கும். வாசகர் மேல்நோக்கி உருட்டும்போது, மதிப்பிட்ட பத்திகள் மெய்யான உயரம் பெறுகின்றன. வாசித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென இடம்பெயர்கிறது. விரல் நகர்த்தாத அளவு பக்கம் நகர்வதால் அளவொப்பு கெடுகிறது. இதற்குரிய மருந்து நங்கூர முறை. திரையில் தெரியும் ஒரு வரியை நிலையாகக் கொண்டு, அதற்கு மேலுள்ள உயரம் எவ்வளவு மாறினாலும் அவ்வரியை அசையாமல் வைத்தல் வேண்டும். குரோம் உலாவி 2017 முதல் இதனைச் செய்கிறது. தனியாக எழுதப்படும் தமிழ் வாசிப்பான்களிலும் இது இடம்பெற வேண்டும்.

படமாகத் தருவது கணினிக்கு எளிது என்னும் எண்ணத்தையும் கணக்கால் சோதிக்கலாம். ஏ-4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் 2480-க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் எனின், ஒரு பக்கத்தை விரித்துக் காட்ட ஏறத்தாழ 35 மெகாபைட் நினைவகம் வேண்டும். 2000 குறிமுறைகள் கொண்ட பக்கத்தை எழுத்தாகச் சேமிக்க 6 கிலோபைட் போதும். படநூலை விரைந்து உருட்டும்போது வெற்றுப்பக்கம் தோன்றி, பின்னர் எழுத்து தெளிவது இதனாலேயே. அரிய பதிப்புகளின் தோற்றத்தைக் காக்கப் படம் தேவை, அதில் ஐயமில்லை. உருட்டல் எளிதாகும் என்பதற்காகப் படத்தைத் தேர்வது கணக்குக்குப் பொருந்தாது.

7. உருவாக்குவோர்க்கும் சோதிப்போர்க்கும்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ் வாசிப்பான், சொற்செயலி, மின்னூலகத் தளம் ஆகியவற்றை உருவாக்குவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் தெளிவாகின்றன. தொடுபலகையின் நுண்ணளவைச் சக்கரப் பற்களாக மாற்றாமல் பெறுதல் முதலாவது. ஒரு சட்டகத்துக்கு ஒரே முறை வரைதலும், எழுத்துருவமைப்பைச் சேமித்து வைத்தலும் அடுத்தவை. ஓட்டத்தை விரலின் தொடுகைக்கு அடங்கச் செய்தலும், வாசிக்கும் வரியை நங்கூரமாகக் கொள்ளுதலும் வேண்டும். இணையத்தளமாயின், உருட்டல் செய்தியைத் தடுத்துக் கேட்கும் நிரல்களைத் தவிர்க்க வேண்டும். பக்கத்தின் நிரல் விடையளிக்கும்வரை உலாவி காத்திருக்க நேர்வதால்தான், குரோம் 2019-இல் பக்கம் முழுவதற்கும் பொருந்தும் அத்தகைய கேட்பிகளை இயல்பாகவே காத்திருக்கத் தேவையற்றவையாக ஆக்கியது.

முதியோரின் கைக்குத் தனிக் கவனம் வேண்டும். விரல் நடுக்கம் உருட்டலாகக் கொள்ளப்படாதிருக்க ஒரு தொடக்க எல்லை தேவை. அது மிகுந்தால் பக்கம் ஒட்டிக்கொண்டது போல் தோன்றும். மேல்கீழ் உருட்டும்போது சிறிது பக்கவாட்டில் சாயும் விரலால் பக்கம் அலையாதிருக்க, தொடங்கிய திசையையே பற்றிக்கொள்ளுதல் நன்று. ஓடும் பக்கத்தால் தலைச்சுற்றல் அடைவோரும் உளர்; அவர்களுக்காகச் சடத்துவ ஓட்டத்தை நிறுத்தும் அமைப்பு எளிதில் கிடைக்க வேண்டும்.

இவற்றைச் சோதிக்க விலைமிக்க கருவி தேவையில்லை. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசி ஒன்று போதும். விரலும் திரையும் ஒருங்கே தெரியும்படி பதிவுசெய்து, விரல் நகரத் தொடங்கிய படத்திலிருந்து பக்கம் நகரத் தொடங்கிய படம்வரை எண்ண வேண்டும். ஒரு படம் ஏறத்தாழ 4.2 மில்லிநொடி, 12 படங்கள் எனின் தாமதம் 50 மில்லிநொடி. அதே நூலின் தமிழ்ப்பகுதியிலும் ஆங்கிலப்பகுதியிலும் இதனைச் செய்து ஒப்பிட்டால், குறை எழுத்தில் உள்ளதா மென்பொருளில் உள்ளதா என்பது எண்ணால் தெரியும். கட்டற்ற மென்பொருளாயின் அவ்வெண்ணோடு குறையைத் தெரிவிக்கலாம், திருத்தத்தையும் எழுதியனுப்பலாம். எசன் போன்ற நகர்களில் கணினித்துறை பயிலும் தமிழ் மாணவரும், திரையில் தமிழ் வாசிக்கும் அவர்தம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் ஒரே வீட்டில் உள்ளனர். சோதிப்போரும் வாசிப்போரும் இவ்வளவு அருகில் அமைவது அரிய வாய்ப்பு.

8. முடிவுரை

தொடுபலகை உருட்டலின் இசைவு, பக்கம் விரலோடு கொண்டுள்ள தொடர்பு அறாமல் இருப்பதாகும். உடனடித்தன்மை, அளவொப்பு, அடங்குதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். அத்தொடர்பு பெரும்பாலும் அறுபடுவது, விரலின் அசைவைச் சக்கரத்தின் பற்களாகக் கருதும் பழக்கத்தாலும், செய்ய வேண்டாத வேலையை ஒவ்வொரு சட்டகத்திலும் செய்வதாலும், விரல் வைத்தது எடுத்தது பற்றிய செய்தி இடையில் தொலைவதாலுமே ஆகும். தமிழ் எழுத்தை உருவமைக்கும் பணி கூடுதலாயினும் அது உருட்டலுக்கு முன்னரே முடிந்துவிடத்தக்கது. ஆகவே உருட்டல் திணறுகிறது என்னும் காரணம் காட்டித் தமிழ் நூல்களைத் தேடவியலாப் படங்களாக்குவதற்கு நுட்ப அடிப்படை இல்லை. தமிழ் மின்னூல் ஒன்றின் தரத்தை மதிப்பிடும்போது எழுத்துப் பிழையும் பக்க எண்ணும் சரிபார்க்கப்படுவது போல, அந்நூல் வாசகரின் விரலுக்கு எவ்வாறு இசைகிறது என்பதும் சரிபார்க்கப்படுதல் வேண்டும்.